தேதி மட்டும் போடாத பேனர்

கூட்டேரிப்பட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடும். மைலம் சாலை வந்து சேருகிற முனையில் சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்காகப் பேனர் கட்டிவிடுவார்கள். நடுவில் அந்தப் பெண், தலையில் கிரீடம், பின்னால் அருவி, பக்கத்துக்கு ஒரு மயில். கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள். அதில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ் அங்கே நின்று கிளம்புவதற்குள் உள்ளே இருப்பவர்கள் பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாவற்றையும் படித்து முடித்துவிடலாம்.

அந்த வட்டாரத்துப் பேனர்களை எல்லாம் அடித்துக் கொடுப்பவர் ராஜசேகர். துர்காவின் தாய்மாமன். கூட்டுரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை, ஒரு கம்ப்யூட்டர், பின்பக்கம் இரைச்சல் போடுகிற பிரிண்டிங் மிஷின். அவருக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். ஆகவே அக்கா தேவகியின் ஒரே மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பிரியம்தான் துர்காவுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். மாமா கடைக்கு வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டரில் அவள் முகம். முகம் மட்டும்தான் அவளுடையது. உடம்பு வேறு யாருடையதோ, ரோஸ் நிறப் பாவாடையில் அன்னப்பறவை மேல் உட்கார்ந்திருந்தது. ‘செல்வி அ. துர்காவின் மஞ்சள் நீராட்டு விழா’ என்று தங்க நிறத்தில் எழுத்து. அதற்குக் கீழே ஏறக்குறைய அவள் அளவுக்கே மாமா கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தயார். நாள் என்று எழுதிய இடம் மட்டும் காலி.

உள்ளே வந்த மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. “பாத்துட்டியா? சர்ப்ரைஸா வெச்சிருந்தேன் பாப்பா. நாளிக்கு நீ பெரிய மனுஷி ஆவசொல்ல, அவசரத்துல அட்ச்சிக் குடுக்கற வேலையெல்லாம் நம்மகிட்ட கெடையாது. தேதியப் போட்டா போதும், ரெடி. பதினாறுக்குப் பத்தடி. இந்த ரோட்டுல அப்படி ஒண்ணு நின்னதே இல்ல பாரு.”

துர்கா பல்லைக் காட்டி வைத்தாள். வீடு திரும்புகிற வழியிலேயே முடிவு கட்டிவிட்டாள், அந்தத் தேதியை மாமாவுக்குக் கொடுக்கவே கூடாது என்று.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கூடப் படிக்கிற மலர்விழி பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள். மலர்விழியின் பேனரில் ‘எங்கள் வீட்டு இளவரசி’ என்று போட்டிருந்தது. அவள் பஸ் ஏறும்போதெல்லாம் பையன்கள், “இளவரசி வர்றாங்க, எடம் வுடுங்கடா” என்று கோரஸ் பாடினார்கள். பொங்கலில் தொடங்கியது முழுப்பரீட்சை வரைக்கும் ஓயவில்லை. விழா முடிந்த பிறகு அந்தப் பேனர் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது, அதுவும் தலைகீழாக. மழை பெய்தால் இளவரசியின் கிரீடத்திலிருந்து சாணத்தில் தண்ணீர் சொட்டும்.

ஒன்பதாவது படிக்கும்போது, ஆடி மாதத்தில், துர்காவுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது. மலர்விழிதான் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். நாப்கின் பள்ளியிலேயே தருவார்கள், எரிக்கிற பெட்டியும் அங்கேயே இருந்தது. அப்பா அய்யப்பன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா தேவகி கூட்டுரோட்டில் டிபன் கடை வைத்திருந்ததால் கோழி கூவும்போதே கிளம்பிவிடுவாள். மறைப்பது துர்கா நினைத்ததைவிடச் சுலபமாகத்தான் இருந்தது.

கஷ்டம் பிறகு வந்தது, இரண்டு பக்கத்திலிருந்தும்.

ஒரு பக்கம் அம்மா. மகளுக்குப் பதினைந்து முடியப் போகிறது, இன்னும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. யாரோ எள் சூடு என்றார்கள். காலையில் எள்ளுருண்டை, மாலையில் எள்ளுருண்டை, பள்ளிக்கூடத்துக்கு டப்பாவில் எள்ளுருண்டை. பிறகு பப்பாளி. பிறகு அன்னாசி. டிபன் கடையில் இட்லி மாவு அரைத்ததைவிட வீட்டில் எள் இடித்ததுதான் அதிகம். துர்கா வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.

இன்னொரு பக்கம் உடம்பு. முதல் சில மாதம் ஒழுங்காக இருந்தது, பிறகு நிற்கவே மாட்டேன் என்றது. ஒரு வாரத்தையும் தாண்டிப் போகும். ஒரு பாடம் முடிவதற்குள் நாப்கினை மாற்ற வேண்டியிருக்கும். காலையில் பிரேயரில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலர்விழி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சொன்னாள். எதுவும் எடுபடவில்லை.

துர்காவுக்குக் காரணம் தெரியும். தெரியும் என்று நினைத்தாள். முதல் தடவை வந்த மாதம் ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மைலம் மலைக்குப் போனார்கள். அன்றைக்கு அவளுக்கு மூன்றாம் நாள். வரமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு ஏறினாள், சன்னதியில் நின்று விபூதியும் வாங்கிப் பூசிக்கொண்டாள். முருகன் சும்மா விடுவாரா? மயில் மேல் உட்கார்ந்துகொண்டு மாதாமாதம் பழிவாங்குகிறார். சாமி கொடுத்த நோய்க்கு டாக்டரிடம் ஏது மருந்து என்று அவள் யாரிடமும் போகவில்லை. பள்ளிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் வளரிளம் பிள்ளைகளுக்கென்றே தனி அறை இருக்கிறது, எதையும் வந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “அந்த ரூமுக்குப் போறவளப் பாத்தா ஊரு இன்னா பேசும் தெரியுமா?” என்றாள் மலர்விழி. அத்தோடு அந்த யோசனையும் போயிற்று.

கடைசியில் அந்த அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது அம்மாதான். டிபன் கடையில் இட்லி தின்ன வந்த யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மாமாவின் லோடு ஆட்டோவில் மூன்று பேரும் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பின்னால் வேறு எந்தப் பெண்ணுடைய பேனரோ சுருட்டிக் கிடந்தது. வழியெல்லாம் மாமா, “ஒண்ணும் இருக்காதுக்கா, சில பொண்ணுங்களுக்கு லேட்டாவும். நம்ம டிசைன் எங்கயும் ஓடிடாது” என்று அம்மாவைத் தேற்றிக்கொண்டே வந்தார். துர்காவுக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

அறை வாசலில் ரோஸ் நிறத்தில் போர்டு. உள்ளே கவுன்சிலர் பானுப்ரியா தனியாக உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். காலேஜ் முடித்து வந்த பெண் மாதிரிதான் இருந்தாள். ஆள் வந்துவிட்ட பரபரப்பில் தோலையெல்லாம் டிராயருக்குள் தள்ளினாள்.

“வாங்கக்கா, உக்காருங்க. வா பாப்பா.”

மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தேவகி கதவைச் சாத்தி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

“சரிக்கா, பாத்துக்கலாம். மொதல்ல பாப்பாகிட்ட நான் தனியா பேசணும். இங்க அதான் முறை. நீங்க ஒரு டீ சாப்ட்டு வாங்க.”

“நான் பெத்தவம்மா. எனக்குத் தெரியாம இதுகிட்ட இன்னா இருக்கப் போவுது?”

துர்கா தரையைப் பார்த்தாள். பானுப்ரியா துர்காவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் தேவகியைக் கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

“நீ இங்க பேசறது இந்தச் செவுத்தத் தாண்டாது. சொல்லு.”

“மேடம், எனக்கு வந்துட்ச்சி.”

“எப்ப? இப்பவா?”

“போன வருஷம் ஆடியில.”

பானுப்ரியா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். துர்கா பேனரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அன்னப்பறவை, அடுத்தவர் உடம்பு, மாமாவின் கும்பிடு என்று சொல்லச் சொல்ல பானுப்ரியா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள். “பதினாறுக்குப் பத்தா?” என்று கேட்டுவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து துர்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது இவ்வளவு சிரிப்பான விஷயமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

“நிக்கவே மாட்டேங்குது மேடம். மயக்கம் மயக்கமா வருது. நான் மைலம் மலைக்கு அன்னிக்கி ஏறிட்டேன். முருகருதான்...”

பானுப்ரியாவின் சிரிப்பு நின்றது. எத்தனை நாள், எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

“எங்கிட்ட வர்ற பொண்ணுங்க கொஞ்சம் பேருதான். அதுல பாதிப் பேருக்கு இப்படித்தான் போவுது. அவங்க யாரும் எந்த மலையும் ஏறல. ஒருத்தி ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவ. அவளுக்கும் முருகருக்கும் இன்னா சண்ட?” என்றாள். “ஆரம்பத்துல தேதி முன்ன பின்ன வர்றது சகஜம். ஆனா இவ்ளோ போறது சகஜம் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்குது. மின்னாடியே வந்திருக்கணும் நீ.”

லேடி டாக்டர் பார்த்தார். லேபில் ரத்தம் எடுத்தார்கள். ரத்த அளவு எட்டுதான் இருந்தது. தைராய்டுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார் டாக்டர். அவ்வளவுதான். முருகன் பேர் எந்தச் சீட்டிலும் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் பானுப்ரியா சொன்னாள்: “உங்கம்மா கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். உன் விஷயத்தச் சொல்லவும் மாட்டேன், அது உன்னுது. ரத்தம் கம்மி, மாத்திர சாப்டணும், வேற பயமில்லன்னு மட்டும் சொல்றேன். போதுமா உனக்கு?”

போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கதவு இடுக்கு வழியாகப் பெஞ்சு தெரிந்தது. அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. “எம் பொண்ணுக்கு எதுனா கொறையாடா ராஜா?” என்று அவள் கேட்க, மாமா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் பேனருக்குப் பயந்துகொண்டிருந்ததில், வீட்டில் இரண்டு பேர் இப்படிப் பயந்து சாகிறார்கள் என்பதை துர்கா நினைத்தே பார்க்கவில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

“அம்மாவக் கூப்புடுங்க மேடம். நானே சொல்லிடறேன்.”

சொன்னாள். தேவகி முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு சிரித்தாள். பிறகு மகள் முதுகில் சத்தமாக ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அடிப்பாவி! எவ்ளோ எள்ளுடி! கையெல்லாம் காப்பு காச்சிப் போச்சிடி எனக்கு!”

பானுப்ரியா எள்ளுருண்டை நல்லதுதான், நிறுத்த வேண்டாம் என்று நடுவில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை.

அழுகை அடங்கியதும் தேவகி மூக்கைச் சிந்திக்கொண்டு, “மாமாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். நீ வண்டியில போய் உக்காரு” என்றாள்.

“இல்லம்மா. நானே சொல்றேன்.”

“ஆம்பளகிட்ட போயி இதெல்லாமா பேசுவ?”

“பேனரு என்னுதுதானம்மா.”

மாமா லோடு ஆட்டோவுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். துர்கா அவர் எதிரில் போய் நின்றாள். ஒரே மூச்சில் சொன்னாள், ஆடி மாதத்திலிருந்து ரத்த அளவு வரை. மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காது மடல் சிவந்துவிட்டது.

“ஏன் பாப்பா மறைச்ச?”

“அந்த டிசைன் புடிக்கல மாமா.”

மாமா சட்டென்று தொழில்காரராகிவிட்டார். “இன்னா புடிக்கல? அருவிய மாத்திடலாம். அன்னத்த எடுத்துடறேன், அதுக்கின்னா? என் போட்டோவ சின்னது பண்ணிக்கறேன்.”

“அது இல்ல மாமா. நான் தெனம் பஸ்ஸுக்கு நிக்கற எடம் அது. எம் மூஞ்சிக்குக் கீழயே நான் நிக்கணும். பஸ்ஸுல இருக்கறவங்கல்லாம் அத்தயும் பாப்பாங்க, என்னியும் பாப்பாங்க.”

மாமா ஆட்டோவின் பின்பக்கம் சுருட்டிக் கிடந்த பேனரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மரத்து வேரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“இத்தினி வருஷமா அட்ச்சிக்கினு இருக்கறேன். அப்பங்காரன் வருவான், மாமங்காரன் வருவான், போட்டோ குடுப்பான். ஒரு பொண்ணுகூட கடைக்கு வந்து இப்படிப் போடு, அப்படிப் போடுன்னு சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.” குரல் தாழ்ந்துவிட்டது. “எல்லாம் சந்தோஷமா இருக்குதுங்கன்னே நெனச்சிக்கினேன்.”

துர்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா நிமிர்ந்தார். “ரத்தம் எட்டுன்னியே, எவ்ளோ இருக்கணும்?”

“பன்னெண்டு மாமா.”

“அடக் கடவுளே, மூணுல ஒரு பங்கு காணோமா! ஏறு, ஜல்தி ஏறு வண்டியில.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே சின்னதாகச் சடங்கு நடந்தது. சொந்தக்காரர்கள் மட்டும், பேனர் இல்லை, மைக் செட் இல்லை. ஆனால் தாய்மாமன் சீரை விட்டுக்கொடுக்க ராஜசேகர் தயாராக இல்லை. தெருமுனையிலிருந்து மேளத்தோடு தட்டு வரிசை வந்தது. தட்டுத் துணியை விலக்கிப் பார்த்த பெண்கள் திகைத்துப் போனார்கள். ஒரு தட்டில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக. ஒன்றில் பேரீச்சம்பழம். ஒன்றில் கேப்பை மாவு. ஒன்றில் மல்லாட்டை உருண்டை. நடுநாயகமாக வந்த வெள்ளித் தட்டில் ஆட்டு ஈரல், அதன் மேல் ஒரு ரோஜாப்பூ. “பேஜாரு புடிச்ச மாமனா இருக்கறானே, பேனரும் இல்ல, பாவாட தாவணிக்குப் பக்கத்துல ஈரல வெக்கறான்” என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தாள். “பொண்ணு வேணான்னுட்ச்சி, வெக்கல” என்றார் மாமா. தேவகி அன்றைக்கே ஈரலை மிளகு போட்டு வறுத்தாள்.

மாத்திரை கேட்டது. இரண்டாவது மாதமே போக்கு குறைந்தது. மூன்றாவது மாதம் துர்கா பள்ளிக்கூட மாடியை மூச்சு வாங்காமல் ஏறினாள். மாதம் ஒரு சனிக்கிழமை பானுப்ரியாவைப் பார்க்கப் போய்வருவது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் நாலு நாள் பேசியது, பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. மலர்விழியும் ஒரு தடவை துணைக்கு வந்தாள்.

மாமாவின் கடையில்தான் குழப்பம். யார் போட்டோவோடு வந்தாலும், “பொண்ண ஒரு தடவ கூட்டிக்கினு வாங்க. அது சரின்னா அடிக்கறேன்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சிலர் திட்டிவிட்டு விழுப்புரத்துக்குப் போய் அடித்துக்கொண்டார்கள். சிலர் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒருநாள் சாயங்காலம் ஒரு தகப்பனோடு தமிழ்ச்செல்வி வந்தாள், எட்டாவது படிக்கிற பெண். தகப்பன் தேவகி கடையில் டீ குடிக்கப் போய்விட்டார். துர்கா கடையில்தான் இருந்தாள். இந்தப் பெண்ணும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

“பெருசா வேணுண்ணா,” என்றாள் தமிழ்ச்செல்வி. “இருக்கறதிலயே பெருசு. அருவி வேணாம், கடலு போடுங்க. கிரீடம் வேணாம், நான் கபடியில கப்பு வாங்குன போட்டோ இருக்குது, அத்தப் போடுங்க.”

துர்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமா கர்மசிரத்தையாகக் கடலைத் தேட ஆரம்பித்தார். ஆனால் தமிழ்ச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தபடி வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்ததையும், அவள் உதடு வெளுத்திருந்ததையும் துர்கா கவனித்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து, “ரொம்ப வலிக்குதா? நெறைய போவுதா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. எல்லாருக்கும் இப்படித்தான்னு அம்மா சொல்லுது.”

“இவ்ளோ இருக்கக் கூடாது. சனிக்கிழம நான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நம்மளாட்டம் பொண்ணுங்களுக்குன்னே ஒரு ரூமு இருக்குது, அங்க ஒரு மேடம் இருக்குறாங்க. உங்கம்மாவயும் கூட்டிக்கினு வர்றியா?”

தமிழ்ச்செல்வி பதறிப்போய் மாமாவின் முதுகைக் கண்ணால் காட்டினாள். “மெதுவாக்கா. அந்த அண்ணன் காதுல விழப்போவுது.”

மாமா திரையை விட்டுத் திரும்பவில்லை. மௌஸை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “சனிக்கிழம ஒம்போதுக்கெல்லாம் கெளம்பிடணும், லேட்டானா லேபுல கூட்டம் சேந்துடும். வெறும் வயித்தோட வராதீங்க, ரத்தம் எடுத்தா மயக்கம் வரும். வண்டியில நான் வுட்டுடறேன்.” அப்புறம் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். “ஏம்மா, அந்தக் கப்ப இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டா?”